பத்தொன்பதாவது குறிப்பு

லிஃப்ட்காரர் யாரையும் நம்பமாட்டார். லிஃப்ட்டின் கயிறு மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது என்று கம்பெனி முத்திரை குத்திக் காகிதம் கொடுத்தால், காகிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டுக் கயிற்றை விரலால் தடவிப் பார்ப்பார். கூட வேலை செய்யும் கிரீஸ் (அவன் சட்டையைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாருக்கும் புரியும்) "பார்த்துட்டேன்யா, சரியா இருக்கு" என்று சத்தியம் செய்தாலும், ஒரு தடவை தானும் பார்க்காமல் திருப்திப்பட மாட்டார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. வேலை அப்படி. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குகிறவர், இறங்கும் முன் மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதன்மேல் பூட்டுப் போட வேண்டும். பூட்டில் ஒரு சிவப்பு அட்டை மாட்ட வேண்டும்: "ஆள் உள்ளே இருக்கிறார். தொடாதீர்கள்." சாவி, உள்ளே இறங்குகிறவர் பாக்கெட்டில். முதலாளியே வந்து கையை நீட்டினாலும் கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கிறவன் உயிர், உள்ளே இருக்கிறவன் பாக்கெட்டில். இருபத்திரண்டு வருஷமாகப் பத்து விரலோடு வீடு திரும்புவதற்கு இதுதான் காரணம் என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் விரல்களை விரித்துக் காட்டிச் சொல்வார்.

யாரையும் நம்பாத மனிதருக்கு அப்படி ஒரு மகள் பிறந்தாள்.

நாலாம் மாதம் ஒரு காலையில் குழந்தை எழுந்திருக்கவில்லை. உலுக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை. எண்ணால் சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. பதினோரு நாள் கழித்துத்தான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. வாயில் நுழையாத பெயர். பெரிய டாக்டர் எளிமையாகத்தான் சொன்னார். சாப்பிட்டதில் மிஞ்சுகிற சர்க்கரையை எல்லோருடைய ஈரலும் சேர்த்து வைக்கும். வயிறு காலியாக இருக்கும்போது எடுத்துக் கொடுக்கும். இந்தக் குழந்தையின் ஈரலுக்குச் சேர்த்து வைக்கத் தெரியும், எடுத்துக் கொடுக்கத் தெரியாது. அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது. இரண்டும் ஒரே குழந்தையில் வந்து சேர்ந்திருக்கிறது. லட்சத்தில் ஒருத்திக்கு வருவது. ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள் என்றும் அந்த டாக்டர் சொன்னார்.

அன்று மத்தியானம் ஊசி போட வந்த நர்ஸின் கையை அந்த நாலு மாதக் குழந்தை ஓங்கி உதைத்தது. தட்டு பறந்தது. ஊசி ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம். நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "அடேயப்பா! சரியான அடங்காப்பிடாரி. இது பிழைச்சுக்கும், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றாள். லிஃப்ட்காரர் தன் வாழ்க்கையில் பரிசோதித்துப் பார்க்காமல் நம்பிய ஒரே வாக்கியம் அதுதான். அன்றிலிருந்து மகளுக்குப் பிடாரி என்றே பெயர்.

மருந்து என்று ஒன்றும் கிடையாது. சோளமாவுதான். சூப்பைக் கெட்டியாக்கப் போடுவார்களே, அந்த வெள்ளை மாவு. அதைப் பச்சையாகத் தண்ணீரில் கலக்கி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிக்க வேண்டும். வயிற்றில் மெதுவாகக் கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வேளை தவறினால் மயக்கம், வலிப்பு. அதற்கு மேலே என்னவென்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பகலில் மட்டுமல்ல, ராத்திரியிலும் அலாரம். எட்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் ஒரே மூச்சாகத் தூங்கியதில்லை.

மாவை நிறுத்துக் கலக்குவது லிஃப்ட்காரர், அவர் இல்லாதபோது மனைவி. மூன்றாம் கை பட அனுமதியில்லை. அவருடைய சொந்த அக்கா ஒருநாள் ஆசையாகக் கரண்டியை எடுத்தபோது, "அக்கா, தொடாதே!" என்று குழிக்குள் நின்று கத்துகிற குரலில் கத்திவிட்டார். அக்கா ஆறு மாதம் வாசல்படி மிதிக்கவில்லை. பிடாரியும் தொடக் கூடாது. அவள் வேலை குடிப்பது. அதையும் அவள் சும்மா செய்வதில்லை; "இப்பதானே குடிச்சேன்", "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வழக்கு நடக்கும்.

அதுவரை மகளை வேலையிடத்துக்கே தூக்கிப் போய்க்கொண்டிருந்த மனைவி, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தன் வேலையை விட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். மெஷினில் வைத்த கண்ணாடி வட்டத்தைக் காதால் கேட்டே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் மூன்று வருஷம் வகுப்புக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்கு ஒரு வேளை, ஒன்றரைக்கு ஒரு வேளை. புதிதாக வரும் பெற்றோர்கள் அவளிடம்தான் ஃபீஸ் எங்கே கட்டுவது என்று கேட்பார்கள். புது வாட்ச்மேன் ஒருவர் ஒரு மாதம் அவளுக்கு சல்யூட் அடித்தார்.

கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டபோது, "திங்கட்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"என்னைக் கேக்காம சொல்லிட்டியா?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"அவளுக்கு எட்டு வயசு. என்ன தெரியும் அவளுக்கு?"

"எட்டு வருஷத்துல இருபதாயிரம் தடவை குடிச்சிருக்கா. உங்களைவிட அதிகமாத்தான் தெரியும்."

கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. திங்கட்கிழமை ஒருநாள் பார்ப்பது. டீச்சர் கலக்கிக் கொடுப்பார். நல்லபடியாக முடிந்தால் மனைவி கடையிலேயே இருக்கலாம். ஏதாவது தப்பாகப் போனால், செவ்வாய்க்கிழமை முதல் பழையபடி வராந்தா பெஞ்ச். அதற்குப் பிறகு இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. மனைவி ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளும்போது அவள் கை தானாகவே விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்ததை அவர் கவனித்தார். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

மூன்று நாள் உட்கார்ந்து டீச்சருக்குக் குறிப்பு எழுதினார். இரண்டு பக்கம், பதினெட்டு குறிப்புகள், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை. மாவு நாற்பத்திரண்டு கிராம், பொட்டலமாக நிறுத்து வைத்திருக்கிறது. தண்ணீர் இந்தக் கோடு வரை. நன்றாகக் கலக்கி உடனே கொடுக்க வேண்டும், வைத்தால் அடியில் தங்கும். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாமதம் கூடாது. ஏழாவது குறிப்பு: "வேண்டாம் என்று அடம் பிடிப்பாள். விடக் கூடாது." பன்னிரண்டாவது: "அவளாகக் கலக்க அனுமதிக்கக் கூடாது." இப்படியே போயிற்று.

பொட்டலங்களை ஒரு டப்பாவில் அடுக்கினார். இரண்டு போதும், ஐந்து வைத்தார். டப்பாவுக்கு ஒரு குட்டிப் பூட்டு. மற்ற பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூடத் தொடக் கூடாதென்று, வேலை செய்யுமிடத்துச் சிவப்பு அட்டை ஒன்றையும் அதில் கட்டித் தொங்கவிட்டார். பிடாரி அந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆள் உள்ளே இருக்கிறார்." டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

"மிஸ்கிட்ட."

"எனக்கு இல்லையா?"

"உனக்கெதுக்கு? குடிக்கிற வேலையை ஒழுங்கா பாரு, போதும்."

பிடாரி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டால் அது சம்மதம் என்று அர்த்தமில்லை. அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஒன்பது மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் கதவு உரசுகிறதென்று வேலை. லிஃப்ட்காரர் சுவிட்சைப் பூட்டினார், அட்டையை மாட்டினார், சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார். குழிக்குள் சிக்னல் கிடைக்காதென்று ஃபோனைக் கிரீஸிடம் கொடுத்து, "கையிலயே வச்சிரு. பாக்கெட்டுல போடாதே" என்றார். பத்தரை வரை எட்டுத் தடவை மணி கேட்டார்.

பத்து நாற்பதுக்கு மேலேயிருந்து கிரீஸ் கத்தினான். "யோவ்! ஸ்கூல்லேருந்து!"

ஏணியில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

"சார், குடிக்க மாட்டேங்குறா" என்றார் டீச்சர். "நானும் பத்து நிமிஷமா கெஞ்சிக்கிட்டிருக்கேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறா சார்."

"ஏழாவது பாருங்க டீச்சர்! எழுதியிருக்கேன்ல! விடாதீங்க. மூக்கைப் பிடிச்சு வாயில ஊத்துங்க!"

"சார், அவ என்ன சொல்றான்னா..."

"அவ சொல்றதைக் கேக்காதீங்க! ஊத்துங்க!"

அதோடு லைன் போயிற்று. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லிஃப்ட்காரர் வாசலைப் பார்த்து ஓடினார். "யோவ், எங்கய்யா போறே? ஏய்!" என்று கிரீஸ் கத்தியது மூன்று மாடிக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. மழையில் பைக் ஓட்டிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் மகளைத் திட்டினார். இன்னைக்கு ஒருநாள் அடங்கி இருக்கக் கூடாதா? இந்த ஒரே ஒருநாள்? இரண்டாவது சிக்னலில் திட்டுவது நின்றுவிட்டது. அந்த மெஷின், எண் வராத அந்த மெஷின், கண் முன்னால் வந்து நின்றது.

வராந்தா பெஞ்ச் காலியாக இருந்தது. அந்தப் பெஞ்சை மூன்று வருஷத்தில் அவர் காலியாகப் பார்த்ததே இல்லை.

வகுப்பு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பிடாரி, உப்பிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, பென்சிலைக் கடித்தபடி ஒரு கழித்தலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா, வேலை இல்லையா?"

டீச்சர் வெளியே வந்தார். கையில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்று காலி, உள்ளே வெள்ளைத் தடம். இன்னொன்றில் ஏதோ பசை. அதில் ஸ்பூன் ஆடாமல் நட்டுக்கொண்டு நின்றது.

"என் தப்புதான் சார்" என்றார் டீச்சர். "காலையில மழையில நனைஞ்சு வந்தா, ரெண்டு தும்மல் போட்டா. பாவம், குழந்தைக்குப் பச்சைத் தண்ணி எதுக்குன்னு என் ஃபிளாஸ்க்ல இருந்த வெந்நீரை ஊத்திக் கலக்கிட்டேன்."

லிஃப்ட்காரர் ஸ்பூனைப் பார்த்தார். வெந்நீர் பட்டால் மாவு வெந்துவிடும். வெந்த மாவு வயிற்றில் நிற்காது; ஒரு மணி நேரத்தில் மளமளவென்று கரைந்து தீர்ந்துவிடும். அதைக் குடித்திருந்தால், ஒன்றரை மணி வரைக்கும் கவலையில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு மணிக்கு இந்தப் பெண் வகுப்புப் பெஞ்சில் சத்தமில்லாமல் சாய்ந்திருப்பாள்.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். பிடாரி டம்ளரைப் பார்த்ததும் வேண்டாம் என்றிருக்கிறாள். டீச்சர் ஏழாவது குறிப்பைக் காட்டியிருக்கிறார். "நான் குடிக்க மாட்டேன்னு சொல்லல மிஸ். இதைக் குடிக்க மாட்டேன். வேற கலக்குங்க" என்றிருக்கிறாள். டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. பெரியவர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் ஒரு பக்கம், எட்டு வயசுப் பெண் ஒரு பக்கம். அப்போதுதான் ஃபோன் செய்திருக்கிறார்.

"நீங்க மூக்கைப் பிடிச்சு ஊத்தச் சொன்னீங்க. நானும் டம்ளரைத் தூக்கிட்டேன் சார்" என்று டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. அழல. அப்புறம் பையிலேருந்து சர்க்கரை பாக்குற மெஷினை எடுத்து, தானே விரல்ல குத்தி, என்கிட்ட காட்டினா. எழுபத்தொண்ணு. 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு மிஸ், ஆனா நிறைய இல்ல. நாம சண்டை போடக் கூடாது'ன்னா. நான் பன்னிரண்டாவது குறிப்பைச் சொன்னேன், அவளைக் கலக்க விடக் கூடாதுன்னு இருக்கே! அதுக்கு அவ, 'நான் தொடவே மாட்டேன். நீங்க கலக்குங்க, நான் சொல்றேன்'னா. பானையிலேருந்து பச்சைத் தண்ணி எடுக்கச் சொன்னா. கலக்கினதும் ரெண்டு டம்ளரையும் பக்கத்துல வச்சு, 'இது பால் மாதிரி இருக்கு, அது பசை மாதிரி இருக்கு. எங்க வீட்டுல எது இருக்கும்னு நினைக்கிறீங்க மிஸ்?'னு கேட்டா. பத்தே முக்காலுக்குச் சரியா குடிச்சு முடிச்சுட்டா."

பத்தே முக்கால். பதினைந்து நிமிஷக் கெடுவுக்குள்.

லிஃப்ட்காரர் மேஜையில் கிடந்த தன் குறிப்பை எடுத்தார். ஒன்றிலிருந்து பதினெட்டு வரை விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். வெந்நீர் கூடாது என்று எங்கேயும் இல்லை. அந்த வீட்டில் இந்த மாவுக்கு யாரும் வெந்நீரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை; அதனால் எழுதவும் தோன்றவில்லை. ஊரில் யார் எழுதின காகிதத்தையும் நம்பாத மனிதர், தான் எழுதின காகிதத்தை மட்டும் நம்பியிருக்கிறார்.

பிடாரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார். மெஷினில் பார்த்தார்கள். தொண்ணூற்று நாலு.

"ஊத்தச் சொன்னது நான்தாம்மா" என்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொல்லாமல் அந்தப் பெஞ்சில் உட்கார முடியவில்லை.

"தெரியும். ஃபோன்ல கத்தினது எனக்கே கேட்டுச்சு" என்றாள் பிடாரி, காலை ஆட்டிக்கொண்டு. "நீங்களே வந்து ஊத்தியிருந்தாலும் துப்பியிருப்பேன்."

அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார். மேலேயிருந்து பெரியவர்கள் அவசரப்படுத்தும்போது, தப்பு என்றால் தப்பு என்று நின்ற ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கணக்கில் இப்போது எட்டு வயசில் ஒருத்தி. தன் மகள். இந்தப் பெண்ணைப் பெற்றதற்கு இன்னும் எட்டு வருஷம் தூங்காமல் இருக்கச் சொன்னாலும் இருக்கலாம் என்று தோன்றியது.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? உங்க வேலையில சாவி உள்ள இருக்கிறவங்க பாக்கெட்டுலதானே இருக்கணும்?"

"ஆமா."

"இதுல உள்ள இருக்கிறது யாரு? நானா, மிஸ்ஸா?"

லிஃப்ட்காரர் எழுந்து உள்ளே போனார். டீச்சரிடமிருந்து அந்தக் குட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்து மகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

ஃபோன் அடித்தது. கிரீஸ். "யோவ், குழந்தை எப்படி இருக்கு?" என்றான் முதலில். நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததும்தான் அவனுக்குக் கோபம் வந்தது. "அப்ப சாவியைக் கொண்டு வாய்யா! ஒன்பது மாடியும் நடந்து ஏறுது. ஏழாவது மாடி மேனேஜர் ஆறாவது மாடியில உக்காந்து மூச்சு வாங்குறாரு!"

அவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

"உள்ள யாரு இருக்காங்க?" என்றாள் பிடாரி.

"யாரும் இல்ல."

"அப்புறம் என்ன? போய்த் திறந்துவிடுங்க." கழித்தல் கணக்கு பாக்கி என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும் முன் மனைவிக்கு ஃபோன் செய்தார். பின்னணியில் லென்ஸ் மெஷின் சத்தம். எடுத்தவுடன், "என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

"எங்க இருக்கீங்க?"

"வேலையிலதான்."

"வேலை செய்ற இடத்துல ஸ்கூல் பெல் அடிக்குதா?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். மூக்கைப் பிடிக்கச் சொன்னது உட்பட. மறுமுனையில் மெஷின் நின்றுபோயிற்று.

"நான் நாளைக்கு எங்க போகணும்?" என்றாள்.

"கடைக்கு" என்றார் லிஃப்ட்காரர். "கடைக்குத்தான் போகணும்."

ஒன்பது மாடியும் அவரே நடந்து ஏறினார், லிஃப்ட்தான் ஓடவில்லையே. எதிரே இறங்கியவர்கள் ஆளாளுக்குத் திட்டினார்கள். ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்த மேனேஜர், "நீங்கதானா அந்தச் சாவி ஆளு? என்னய்யா பெரிய அவசரம்?" என்று எரிந்து விழுந்தார். லிஃப்ட்காரர் நின்றார். "எனக்கு ஒரு பொண்ணு சார்" என்று ஆரம்பித்தார். அவர் சொல்லி முடித்தபோது மேனேஜருக்கு மூச்சு சீராகியிருந்தது. ஏழாவது மாடியில் ஒருவருக்கும், எட்டாவது மாடியில் இரண்டு பேருக்கும் அதையே சொன்னார். லிஃப்ட் ஓட ஆரம்பிக்க மேலும் கால் மணி நேரம் ஆயிற்று.

சாயங்காலம் பிடாரி குறிப்பைத் திரும்பக் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் உறையின்மேல் டீச்சரின் மார்க்கரால், ஏழாவதையும் பன்னிரண்டாவதையும் குறுக்கே அடித்திருந்தாள். கீழே கோணல் எழுத்தில் ஒன்று சேர்த்திருந்தாள்.

"19. தண்ணீர் சுடக் கூடாது. சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கவும்."

மணி நாலரை. அடுத்த வேளை. லிஃப்ட்காரர் தராசை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாவு டப்பாவைத் திறந்தார். கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு, தன் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றை, மகளைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை கிராம்மா?"

"நாப்பத்திரண்டு" என்றாள் பிடாரி. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தராசின் முள்ளுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். "பாத்துப் போடுங்கப்பா. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."